உப்பு கசிகிறதா? பூச்சிக்குக் கதவு திறந்திருக்கிறது!

மாணவ நண்பர்களே, இக்கட்டுரையை மேலே படிப்பதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். சமையலறைக்குப் போய் உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். உப்பு பொலபொலவென்று உதிர்கிறதா? அல்லது கசிந்து, கட்டி தட்டி, விரலில் ஈரமாக ஒட்டுகிறதா?

கசிந்திருந்தால், உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியையும் அரிசிப் பானையையும் உடனே பார்க்க வேண்டும் என்பேன். உப்புக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறினால் வெள்ளிமலையும் கரியாலூரும் வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கே மேகம் மலைமேலேயே படுத்துக் கிடக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. சுவரில் பூசணம் பூக்கும். தகரப் பெட்டியைத் திறந்தால் சாதிச் சான்றிதழின் ஓரத்தை ஏதோ ஒன்று சுரண்டியிருக்கும். போன ஆண்டுப் பாட நோட்டின் அட்டை நொய்ந்து போயிருக்கும். மலையடிவாரத்துச் சமவெளியிலும் கதை இதுதான். அறுத்து வைத்த மக்காச்சோளத்தில் வண்டு விழும். உளுந்து உளுத்துப் போகும். கரப்பான்பூச்சி கணக்கின்றித் திரியும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடுகிறோம். தெளிக்கும் மருந்து, கோடு போடும் மருந்து, அந்துருண்டை என்று வாங்கி வருகிறோம். சில பூச்சிகள் சாகின்றன. இரண்டு வாரத்தில் மற்றவை வருகின்றன. மீண்டும் கடை, மீண்டும் மருந்து.

இந்த வரிசையே தலைகீழானது என்பது என் கருத்து. முதலில் ஒழிக்க வேண்டியது ஈரத்தை. அடுத்துப் பூச்சியின் உணவையும் ஒளிவிடத்தையும். வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் மருந்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்களைத் தருகிறேன். நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

பூச்சிக்குத் தீராத தாகம்

ஒரு சின்னக் கணக்கு. பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். கன அளவு 1 கன சென்டிமீட்டர். இப்போது பக்கத்தை 1 மில்லிமீட்டராகக் குறையுங்கள். பரப்பு 0.06, கன அளவு 0.001. அதாவது, ஒவ்வொரு கன சென்டிமீட்டர் உடலுக்கும் 60 சதுர சென்டிமீட்டர் பரப்பு! உருவம் பத்து மடங்கு சிறுத்தால் உடலோடு ஒப்பிட்ட பரப்பு பத்து மடங்கு பெருகுகிறது.

நீர் ஆவியாகிப் போவது பரப்பின் வழியாகத்தான். எனவே பூச்சி சிறியதாக இருக்க இருக்க, வறண்டு சாகும் ஆபத்தும் அதிகம். அண்டாவில் உள்ள நீர் பல நாள் நிற்கும். தரையில் சிந்திய துளி சற்று நேரத்தில் காய்ந்து விடும் அல்லவா? பூச்சி அந்தத் துளியைப் போன்றது.

அப்படியானால் பூச்சி எப்படிப் பிழைக்கிறது? அதன் மேல்தோலின் மீது மிக மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று இருக்கிறது. அதுவே அதன் மழைக்கோட்டு. ஆனால் வெளிநீர் உள்ளே வராமல் தடுப்பதைவிட உள்நீர் வெளியே போகாமல் காப்பதே அதன் முக்கிய வேலை. 1940களில் விகிள்ஸ்வர்த் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலார் இதை அழகாக நிறுவினார். நச்சுத்தன்மை சிறிதும் இல்லாத கரடுமுரடான தூளின் மீது பூச்சிகளை ஊர விட்டார். தூள் உரசி மெழுகு தேய்ந்தது. பூச்சிகள் நீரை இழந்து வறண்டு இறந்தன. ஈரக் காற்றில் வைத்திருந்தால் அப்படி இறப்பதில்லை. மெழுகுக் காப்பும் சுற்றுப்புற ஈரமும் சேர்ந்துதான் அவற்றை வாழ வைக்கின்றன.

அழையா விருந்தாளிகள்

இனி, நம் வீட்டுக்கு வரும் சிலரைப் பார்ப்போம்.

புத்தகத்தைத் திறந்ததும் வெள்ளிபோல் மின்னி நழுவி ஓடுவது வெள்ளிப்பூச்சி. புத்தகத்தை அரிக்கும் எதையுமே 'ராமபாணம்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் அம்பு பாய்ந்ததுபோல் ஏட்டைத் துளைப்பது ஒருவகை வண்டின் புழு. வெள்ளிப்பூச்சி துளைக்காது, மேலாகச் சுரண்டும். பைண்டிங் பசையிலுள்ள மாவும் காகிதமும் அதற்கு உணவு. பூச்சிகளுக்கு இறகு தோன்றுவதற்கு முன்பே தனியாகப் பிரிந்து வந்த பழங்குலம் அது. பெரும்பாலான பூச்சிகளைப் போலன்றி முழு வளர்ச்சி அடைந்த பின்னும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகள் உயிர் வாழும். உணவின்றியும் நெடுநாள் தாக்குப் பிடிக்கும். ஆனால் காற்றில் ஈரம் வேண்டும். சுமார் 75 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில்தான் அது செழித்துப் பெருகுகிறது.

பழைய நோட்டில் ஊசிமுனையளவு ஒன்று ஊர்கிறதே, அது புத்தகப் பேன். பெயர்தான் பேன், தலைப்பேனைப் போல் இரத்தம் குடிக்காது. ஈரத்தில் வளரும் நுண்ணிய பூசணத்தைத் தின்று வாழும் பிராணி. இது தண்ணீர் குடிக்கும் முறை வியப்பானது. காற்றிலுள்ள நீராவியை வாயுறுப்புகளால் நேரே உறிஞ்சிக்கொள்கிறது! ஆனால் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதமாவது இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் சில வாரங்களில் வறண்டு இறந்துவிடும்.

கரப்பானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சமையலறையில் காணும் சிறிய இளம்பழுப்புக் கரப்பானுக்கு உலர்ந்த உணவை எவ்வளவு கொடுத்தாலும், நீர் கொடுக்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்துக்குள் இறந்துவிடும். உணவைப் பட்டினி போட்டு நீரை மட்டும் கொடுத்தாலோ, அதைவிட நெடுநாள் வாழக் கூடும். இரவில் சொட்டும் குழாய் ஒன்று போதும், அதற்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தது போல.

அரிசி வண்டு தானியமணியைக் குடைந்து, உள்ளே ஒரு முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஒரு மாத அளவில் வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளிவரும். தானியத்தின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வண்டின் இனப்பெருக்கம் வெகுவாகத் தடைப்படுகிறது.

கறையானோ இன்னும் சாமர்த்தியசாலி. அதன் உடல் மென்மையானது, எளிதில் காய்ந்துவிடும். ஆகவே போகுமிடமெல்லாம் ஈரத்தையும் கூடவே கொண்டு போகிறது. சுவரில் அது கட்டும் மண் வரிசை வெறும் நடைபாதை அன்று. ஈரக் காற்றை அடைத்து வைத்த குழாய்!

உணவும் உருவமும் வேறு வேறாக இருந்தாலும், இவை அனைத்தையும் உங்கள் வீட்டில் தங்க வைப்பது ஒன்றே: ஈரம்.

உப்புச் சாடி என்னும் அளவுகருவி

இப்போது உப்புக்கு வருவோம். தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும் வரை உலர்ந்தே இருக்கும். அதைத் தாண்டினால் காற்றின் நீராவியை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். (கல் உப்பில் மக்னீசிய உப்புகள் கலந்திருந்தால் இன்னும் முன்னதாகவே கசியும்.)

அந்த 75-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிப்பூச்சி செழிக்கத் தொடங்கும் எல்லையும் அதுதான். நெல்லை 14 சதவீத ஈரத்துக்கு மேல் சேமிக்கக் கூடாது என்று வேளாண்மைத் துறையினர் சொல்வார்கள். 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் நெல்லைப் போட்டு வைத்தால், அது ஏறக்குறைய அந்த 14 சதவீத ஈரத்தில்தான் வந்து நிற்கிறது. உப்பு நன்றாகக் கசிந்தால் வீட்டுக் காற்று எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். காசில்லாமல் கிடைத்த ஓர் ஈரமானி!

'நேற்று வெயில் அடித்ததே, பிறகெப்படி ஈரம்?' என்று கேட்கலாம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 22 டிகிரியில் சுமார் 19 கிராம்தான் தாங்கும். பகலில் 30 டிகிரி வெப்பத்தில் காற்றில் 18 கிராம் நீராவி இருந்தால் ஈரப்பதம் 60 சதவீதம்; தொல்லையில்லை. அதே காற்று, இரவில் குளிர்ந்த சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறம் 22 டிகிரிக்குக் குளிர்ந்தால்? ஒரு துளி நீரும் சேராமலே ஈரப்பதம் 95 சதவீதத்தை நெருங்கிவிடும்! அறையின் நடுவில் நிற்கும் உங்களுக்குக் காற்று உலர்ந்தது. அலமாரிக்குப் பின்னால் வாழும் பூச்சிக்கோ அது மழைக்காலம்.

கல்வராயன் மலையில் இது இன்னும் கடுமை. உயரம் கூடக் கூட வெப்பம் குறைகிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி என்பது பொதுக் கணக்கு. சமவெளியிலிருந்து மேலேறும் காற்று குளிர்கிறது; ஈரப்பதம் உயர்கிறது. மலையில் உப்பு முந்திக் கசிவது இதனால்தான்.

மருந்தின் மறுபக்கம்

மருந்து தெளித்தால் என்ன கேடு? முதலாவது, அது பாதி வேலையைத்தான் செய்யும். அரிசி மணிக்குள் இருக்கும் புழுவை மேலே தெளித்த மருந்து எட்டாது. அலமாரிக்குப் பின்னாலுள்ள ஈரம் அப்படியே இருக்க, பூச்சியின் அடுத்த தலைமுறை அதே இடத்துக்கு வரும்.

இரண்டாவது, உயிராபத்து. தானிய மூட்டைகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடுகிறது. காற்றுப் புகாத கிடங்கில், பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. மனிதர் படுத்துறங்கும் அறையில் ஒரு மாத்திரைகூடக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில், எலிக்கு வைத்த நஞ்சின் நெடி பரவிய அறையில் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்து போனார்கள். பூச்சிக்கு வைத்தாலென்ன, எலிக்கு வைத்தாலென்ன, நஞ்சுக்கு ஆள் தெரியாது.

அந்துருண்டை சாதுவானது என்று எண்ணாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவதால் கடும் மஞ்சள் காமாலை வந்ததுண்டு.

முன்னோர் செய்தது சரியா?

பழையது எல்லாம் சரி என்றும் நான் சொல்லமாட்டேன். எல்லாம் மூடநம்பிக்கை என்றும் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றையும் காரணம் கேட்டுப் பார்ப்போம்.

கல்வராயன் மலையில் விளையும் சாமையை உமியோடு சேமித்து, வேண்டும்போது குத்திக்கொள்வது பழைய முறை. நல்ல முறை. கெட்டியான உமி பூச்சிக்கு ஒரு கோட்டைச் சுவர். உமி நீக்கிய சாமை அரிசிதான் சீக்கிரம் பூச்சிக்கு இரையாகிறது. எனவே அரைத்த சாமையை மாதக் கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

துவரைக்குச் செம்மண் கட்டுவதும், விதைப் பயற்றில் சாம்பல் கலப்பதும் அறிவியல்தான். விகிள்ஸ்வர்த்தின் தூளை நினைத்துக்கொள்ளுங்கள். மண் பூச்சு, வண்டு முட்டையிடுவதையும் தடுக்கிறது.

தானியத்தில் வேப்பிலை போடுவதோ பாதி சரி. நிழலில் காய்ந்த இலை நல்லது. மரத்திலிருந்து ஒடித்த பச்சை இலையைத் திணித்தால், விரட்டியை விட ஈரத்தையே அதிகமாகக் கொடுத்தவர்கள் ஆவோம்.

எனக்கு மிகவும் பிடித்தது போகி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, வீட்டுச் சாமான் அனைத்தையும் வெளியே எடுத்து, வெயிலில் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சுண்ணாம்பின் காரத்தன்மையைப் பூசணம் விரும்பாது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை எளிதில் வெளிவிடவும் செய்யும். எனாமல் வண்ணம் பூசினால் சுவரின் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வண்ணம் கொப்புளித்துக் கிளம்பும். ஆண்டுக்கொரு முறை வீட்டை உலர்த்தும் விழாவை, பழைய பொருளை எரித்துப் புகையெழுப்பும் விழாவாக நாம் சுருக்கிவிட்டோம் என்பதே என் குறை.

'அடைமழையில் வெயிலுக்கு எங்கே போவது?'

நியாயமான கேள்வி. மலையின் காற்றை நம்மால் உலர்த்த முடியாது. ஆனால் ஒரு பெட்டிக்குள் உள்ள காற்றை, ஓர் அலமாரிக்குப் பின்னால் உள்ள காற்றை மாற்ற முடியும். பூச்சி வாழ்வது அங்கேதான்.

அலமாரியையும் மூட்டையையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அரிசி மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், இரண்டு செங்கல் உயரத்தில் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். ஈரத்துணியைப் புத்தகம் இருக்கும் அறையில் காயப் போடாதீர்கள். சமைக்கும்போது எழும் ஆவி வெளியேறச் சன்னலைத் திறவுங்கள். சொட்டும் குழாயைச் சரி செய்யுங்கள். இரவில் தொட்டி முற்றத்தைத் துடைத்து உலர்ந்ததாக விடுங்கள்.

சான்றிதழ்களையும் பட்டாவையும் நன்கு காய்ந்த நாளில் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் அதில் போடுங்கள். ஈரமான தாளை மட்டும் ஒருபோதும் மூடி வைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் பூசணத்துக்கு விருந்து.

மழைக்கு இடையில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். கறுப்புத் துணிமேல் பயற்றை ஓர் அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் பரப்பி, மேலே கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளை மூடி ஓரங்களில் கல் வையுங்கள். நல்ல வெயிலில் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் வண்டும், மணிக்குள் இருக்கும் புழுவும் மடியும். ஆறிய பிறகு அள்ளி மூடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பச்சைப் பூசணம் பூத்திருந்தால் வெயிலில் போட்டு உண்ணலாம் என்று எண்ணாதீர்கள். அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெயிலுக்கும் அழியாது, வேகவைத்தாலும் முழுதாக அழியாது. அது கல்லீரலைக் கெடுப்பது.

வெட்கம் யாருக்கு?

கடைசியாக, இதையெல்லாம் விட முக்கியமாக நான் கருதும் ஒன்று. அரித்த நோட்டுப் புத்தகத்தை ஒரு மாணவி வகுப்பில் எடுத்தால், 'வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மாட்டீர்களா?' என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அவள் தலை குனிகிறாள். அவள் வீட்டுத் தரை நாள்தோறும் பெருக்கி மெழுகப்பட்டதாகவே இருக்கலாம். வெள்ளிப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. ஈரத்தைத் தேடி வருகிறது. ஒழுகும் கூரை, சன்னலில்லாத சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரம்: இவை துடைப்பத்தால் தீருபவை அல்ல. இவை கட்டடத்தின் குறைகள். குடியிருப்பவர் மீது பழி போடுவது அறிவியலும் அன்று, நியாயமும் அன்று.

ஆகவே கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். பள்ளிக் கூரை ஒழுகுகிறதா, நூலக அலமாரி ஈரச் சுவரில் சாய்ந்திருக்கிறதா, விடுதியில் பெட்டி வைக்கும் அறைக்குக் காற்று வழி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஆண்டுதோறும் மே 1-ஆம் நாள் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கூரையைப் பற்றிப் பெரியவர்களைப் பேசச் சொல்லுங்கள். கார்த்திகையில் கேட்டால் காலம் கடந்துவிடும். சித்திரையில் கேட்டால் மழைக்கு முன் ஓடு மாற்றலாம்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். இரண்டு அகலவாய்க் கண்ணாடிப் புட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வண்டு விழுந்த ஒரே அரிசியில் ஒவ்வொரு கரண்டி போடுங்கள். வண்டுகளை எண்ணிச் சமமாக விடுங்கள். ஒன்றில், சிறு மூடியில் நீர்விட்டுக் குழைத்த உப்பை வையுங்கள். உள்ளே காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். மற்றதில் உலர்ந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மூன்று வையுங்கள். இறுக மூடி, இரண்டு நாளுக்கு ஒரு முறை மட்டும் சற்றுத் திறந்து காற்று விட்டு மூடுங்கள். வாரம் ஒரு முறை உயிருள்ள வண்டுகளை எண்ணி அட்டவணை எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து, எந்தப் புட்டியில் புதிய வண்டுகள் வந்தன என்று பாருங்கள்.

அந்த அட்டவணையை வீட்டில் காட்டுங்கள். அடுத்த முறை பூச்சி மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்பும் அப்பாவிடமோ அம்மாவிடமோ, 'கொஞ்சம் பொறுங்கள், முதலில் உப்புச் சாடியைப் பார்க்கலாம்' என்று சொல்ல உங்களுக்குத் துணிவு வரும்.